மூடி போட்ட குட்டையும் மூடி வேண்டாம் என்ற மனுவும்

எங்கள் வேலையில் இரண்டு விதமான தாள்கள் எழுத வேண்டும்: பூமி சூடாவதைத் தடுக்க நாங்கள் இன்னதெல்லாம் செய்வோம் என்று சரக்கு வாங்குகிறவர்களுக்கு ஒன்று, அதையெல்லாம் இப்போது செய்யச் சொல்லாதீர்கள் என்று அரசாங்கத்துக்கு இன்னொன்று.

கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகிற வழியில் ஒரு மரவள்ளி மாவு ஆலை. அங்கே நான் சஸ்டெய்னபிலிட்டி ஆபீசர். கிழங்கைக் கழுவி அரைத்த தண்ணீர் ஆலைக்குப் பின்னால் மூன்று குட்டைகளில் தேங்கும். அதிலிருந்து இரவும் பகலும் குமிழி வரும். குமிழிக்குள் இருப்பது மீத்தேன். கரியமில வாயுவைவிட மோசமாகப் பூமியைச் சூடாக்குகிற வாயு. குட்டைக்கு மேல் கெட்டியான கறுப்பு ஷீட்டை இழுத்துக் கட்டி மூடினால் அந்த வாயுவைப் பிடித்து, விறகுக்குப் பதிலாக பாய்லரில் எரிக்கலாம். மூன்று குட்டையையும் மூடுவோம் என்பதுதான் எங்கள் ஆலையின் காலநிலை உறுதிமொழி. மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்பது ஆலை அதிபர்கள் சங்கத்தின் மனு. இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் அடித்தவள் நான்.

உங்களில் யாராவது இப்படி இரண்டு பக்கமும் எழுதியிருந்தால் நான் சொல்வது புரியும். எழுதாதவர்கள் உங்கள் அலுவலகத்தில் வேறு எதையாவது இப்படிச் செய்துகொண்டிருப்பீர்கள். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. மற்ற எல்லாவற்றிலும் உண்டு.

அப்பாவின் விசாரணை

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அப்பா தியாகதுருகம் பக்கத்தில் கரும்பு வெட்டுகிறவர். வேலை கிடைத்த அன்று ஆர்டரைப் படித்துக் காட்டினேன். ஒரு வருஷம் தகுதிகாண் பருவம், அதன்பிறகு நிரந்தரம் என்று இருந்தது. அப்பா நிரந்தரம் என்ற இடத்தில் விரலை வைத்து இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு வேலை என்ன என்று கேட்டார். ஆலையிலிருந்து கெட்ட வாயு வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது என்றேன்.

சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "ஆலை வுடற பொகைய நிறுத்தறதுக்கு ஆலையே சம்பளம் குடுக்குதா? நல்லா விசாரிச்சியா பாப்பா?"

படத்துக்கு நின்ற குட்டை

மூன்று குட்டைகளில் சின்னதற்கு மட்டும் மூடி போட்டிருந்தார்கள். நான் சேர்வதற்கு முன்பே போட்டது. வாயு நிரம்பியதும் ஷீட் உப்பிக்கொண்டு யானை படுத்திருப்பதுபோல இருக்கும். சரக்கு வாங்குகிறவர்களுக்கு அனுப்புகிற பசுமை அறிக்கைக்காக அதை நான்கு கோணத்தில் படம் எடுத்தேன். கூட நின்றவர் ஏழுமலை அண்ணன். குட்டைகளும் பாய்லரும் அவர் பொறுப்பு.

"மற்ற ரெண்டையும் எப்பண்ணா மூடுவாங்க?" என்று கேட்டேன். அவர் பெரிய குட்டைகளின் பக்கம் திரும்பினார். அங்கே குமிழிகள் சோறு கொதிப்பதுபோல வந்துகொண்டிருந்தன. எனக்கு மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியவில்லை. அவருக்குப் பழகிவிட்டது. நிதானமாகச் சொன்னார்: "போட்டோவுக்கு நிக்கறதுக்கு ஒரு குட்டை போதும்மா. மீதி ரெண்டு கூச்ச சுபாவம்."

சங்கம் வேறு

எல்லா மாவு ஆலைகளும் குட்டையை மூடியே ஆக வேண்டும் என்று அரசு ஒரு வரைவு விதி போட்டது. படித்ததும் எனக்குச் சந்தோஷம். நாம்தான் ஏற்கெனவே உறுதிமொழி கொடுத்துவிட்டோமே, முந்திக்கொண்டோம் என்று நினைத்தேன். எம்.டி. ஐயா அறைக்கு ஓடினேன். அவரும் அதே தாளைத்தான் படித்துக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

எங்கள் எம்.டி. ஐயாதான் ஆலை அதிபர்கள் சங்கத்துக்கும் செயலாளர். "சங்கத்து சார்பா ஒரு மனு அடிம்மா. அவகாசம் வேணும்னு போடு. காரணம் நாலஞ்சு வேணும்" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்றாவது காரணம் வந்தபோது கை நின்றுவிட்டது: 'இந்த வட்டாரத்தில் காற்று பலமாக வீசுவதால் குட்டைகளின் மேல் மூடி நிற்காது.'

"நம்ம குட்டையில நிக்குதுங்களேய்யா?"

அவர் கோபப்படவில்லை. சின்னப் பெண்ணுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொன்னார்: "அது கம்பெனி, இது சங்கம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்காத."

முழுசாகப் படித்ததால் வந்த சந்தேகம்

மனுவில் ஐந்தாவது காரணம், மூடி போடச் சொன்னால் ஆலைகள் கிழங்கு வாங்குவதைக் குறைக்க நேரிடும், கல்வராயன் மலை விவசாயிகள் பாதிக்கப்படுவார்கள் என்பது. அதற்கு ஆதரவாக விவசாயிகளின் கையெழுத்து வேண்டுமாம். ஆலை வேனில் என்னை மலைமேல் கரியாலூருக்கு அனுப்பினார்கள். கிழங்கு பிடுங்குகிற நேரம். சின்னப்பொண்ணு என்று ஒரு அக்கா, எங்கள் ஆலைக்குத்தான் பல வருஷமாகக் கிழங்கு போடுகிறவர், மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன்.

"இன்னா எழுதியிருக்குது?"

ஆரம்பம் முதல் கடைசி வரை படித்துக் காட்டினேன். அவர் மூட்டையின் வாயைப் பிடித்தபடி கேட்டார். "கொறைக்கப் போறாங்களா மெய்யாலுமே?"

"தெரியாதுங்கக்கா. யாரும் இன்னும் கணக்குப் போட்டுப் பார்க்கல."

"அப்ப இன்னாத்துக்கு எழுதின?"

"எழுதச் சொன்னாங்க."

அவர் சணலை இழுத்து முடிச்சுப் போட்டார். "போன தபா பேயவேண்டிய மாசத்துல மழை பேயல. கெழங்கு எடுக்கிற நேரத்துல கொட்டி, மண்ணுக்குள்ளயே அழுவிப்போச்சு. அதுக்கு உங்க சங்கம் எதுனா மனு குடுத்துதா?" என்றார். நான் பேனாவை நீட்டினேன். பேனாவை வாங்கவே மாட்டேன் என்றார். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் சிலர் போட்டார்கள். வேனில் ஏறும்போது அந்த அக்கா பின்னாலேயே வந்து சொன்னார்: "கையெழுத்து கேக்க வந்தவங்கள்ல தாளை முழுசா படிச்சிக் காட்டின மொத ஆளு நீதான். அதான் எனக்கு ஜாஸ்தி சந்தேகமா இருக்குது."

வெள்ளிக்கிழமைக் கற்பூரம்

இங்கே ஒரு தவறு செய்தேன். என்னைப்போன்ற வீட்டிலிருந்து வந்தவர்கள்தான் அதைச் செய்திருக்க முடியும்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எங்கள் தெருவுக்கு மனு எழுதுகிறவள் நான். பட்டா, முதியோர் பணம், குழாய் என்று எதுவானாலும் திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு என் கையெழுத்தில்தான் போகும். அதில் பாதி திரும்பி வரும். மேலே சிவப்பு மையில் 'இணைப்பு இல்லை' என்று எழுதியிருக்கும். இணைப்பு இல்லாத மனு மனுவே இல்லை என்பது என் எலும்பில் ஏறிவிட்டது. சங்கத்தின் மனுவையும் வெறுமனே அனுப்ப மனம் வரவில்லை. இணைப்பு ஒன்று, விவசாயிகளின் கையெழுத்து. இணைப்பு இரண்டு, கழிவுநீர்க் குட்டையின் படம். என் கம்ப்யூட்டரில் குட்டைப் படம் என்று இருந்தவை பசுமை அறிக்கைக்கு எடுத்த அந்த நான்கும்தான். அதில் தெளிவான ஒன்றை அச்சிட்டுக் கோத்துவிட்டேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போகிற முக்கியமான தாள் எதுவானாலும் வெள்ளிக்கிழமை நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, எம்.டி. ஐயா அறையில் இருக்கிற சாமி படத்துக்கு முன்னால் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள். அன்றைக்கு இரண்டு தாள் இருந்தது. வாடிக்கையாளர் நிறுவனத்துக்குப் போகிற பசுமை அறிக்கை, அரசுக்குப் போகிற மனு. ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார்கள். எல்லாரும் கும்பிட்டோம். விபூதி வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் ஏழுமலை அண்ணன் என் காதருகே சொன்னார்: "மூடறேன்னு ஒண்ணு, மூட மாட்டேன்னு ஒண்ணு. சாமி இப்ப எதுக்கும்மா தலையாட்டும்?"

இரண்டாம் இணைப்பு

வரைவு விதி பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம் கள்ளக்குறிச்சியில் நடந்தது. ஆலை அதிபர்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கோப்புகளோடு பின்னால். மேடையில் ஒரு பெண் அதிகாரி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துப் பொறியாளர் என்று சொன்னார்கள். முதலில் சால்வை போடப் போனார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு மனுவைப் பிரித்தார்.

எம்.டி. ஐயா மூன்றாவது காரணத்தை நன்றாகவே பேசினார். மலையிலிருந்து இறங்குகிற காற்று, ஷீட் கிழிந்து பறப்பது, தொழிலாளர் பாதுகாப்பு. கேட்கும்போது எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அதிகாரி தலையாட்டியபடி பக்கத்தைப் புரட்டினார். புரட்டிய கை நின்றது. படத்தை நிமிர்த்திப் பிடித்தார். உப்பிய கறுப்பு ஷீட், பின்னால் எங்கள் ஆலையின் புகைபோக்கி, அதில் எங்கள் ஆலையின் பெயர். ஓரத்தில் ஏழுமலை அண்ணனின் பாதிச் சிரிப்பு.

"இது எந்த ஊர்க் குட்டைங்க?"

"அது... மாதிரிப் படம் மேடம்" என்றார் எம்.டி. ஐயா.

அதிகாரி படத்தையும் மனுவையும் மாறி மாறிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "நிக்காதுன்னு எழுதி, நிக்கறதப் படம் புடிச்சு இணைச்சிருக்கீங்க. இதுல நான் எதைங்க பதிவு பண்றது?"

ஒருவரும் நம்பவில்லை

திரும்பி வரும்போது காரில் எம்.டி. ஐயா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வேணும்னே வெச்சியா?" இல்லீங்கய்யா என்றேன். இணைப்பு, சிவப்பு மை, திங்கட்கிழமை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அது தவறுதான் என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஆனால் நான்கு படத்தில் மிகத் தெளிவானதை ஏன் தேடி எடுத்தேன் என்று யாராவது கேட்டால், கொஞ்சம் தடுமாறுவேன். மறுநாள் குட்டைப் பக்கம் போனபோது ஏழுமலை அண்ணன் கை குலுக்க வந்தார். அவரிடமும் தவறுதான் என்றேன். கண்ணைச் சிமிட்டினார். "ஆமாமா, அப்படியே சொல்லிக்கினு இரு. நானும் அதையே சொல்றேன்."

பதினான்காம் கேள்வி

எங்கள் மாவை வாங்கி பிஸ்கட்டும் நூடுல்ஸும் செய்கிற நிறுவனம் பெங்களூரில் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஒரு கேள்வித்தாள் அனுப்பும். எத்தனை மரம் நட்டீர்கள், எவ்வளவு விறகு எரித்தீர்கள் என்கிற மாதிரிதான் இருக்கும். இந்த முறை பதினான்காவதாக ஒரு புதுக் கேள்வி: 'உங்கள் நிறுவனமோ, அது உறுப்பினராக உள்ள சங்கமோ, காலநிலை தொடர்பான விதிகள் பற்றி அரசிடம் சொல்லியவை உங்கள் உறுதிமொழியோடு பொருந்துகின்றனவா?' எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். கடைசியில் 'தயாரித்தவர்' என்று ஒரு கையெழுத்து இடம். அது என் இடம்.

கம்பெனி வேறு, சங்கம் வேறு என்று எம்.டி. ஐயா சொன்னதை யாரோ பெங்களூரில் ஒட்டுக்கேட்டு எழுதியதுபோல இருந்தது. இந்தத் தாள்களை நிரப்ப உதவுகிற ஆலோசகர் ஒருவர் சென்னையில் இருக்கிறார். போன் போட்டேன். அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை: "எல்லாரும் ஆம்தான் போடுவாங்க மேடம். இல்லைன்னு போட்டா அவங்க இன்னும் பத்து கேள்வி அனுப்புவாங்க."

ஒரே நாளில் இரண்டு தாள்

அந்த வாரமே என் தகுதிகாண் வருஷம் முடிந்தது. எம்.டி. ஐயா கூப்பிட்டார். மேசையில் ஒரு பழுப்பு உறை; மேலே 'ஜான்சி' என்று என் பெயர். நிரந்தர ஆர்டர். பக்கத்தில் கேள்வித்தாள். "ரெண்டையும் இன்னிக்கே முடிச்சிடலாம்மா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பாகவும் இருக்கலாம். நான் சந்தேகப்பட்டேன்.

அப்பா எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார், பாப்பா இந்த மாதத்தோடு நிரந்தரம் என்று. தண்ணீர்க் குழாயடியில்கூட என்னிடம் அதைத்தான் கேட்டார்கள். ஆம் என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டால் முடிந்தது. யாரும் படிக்கப்போவதில்லை என்றும் ஆலோசகர் சொல்லியிருந்தார். சாயங்காலம் தருகிறேன் என்று தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கால் தானாகக் குட்டைப் பக்கம் போயிற்று. ஏழுமலை அண்ணனிடம் கேள்வியைப் படித்துக் காட்டினேன். நீங்களாக இருந்தால் என்ன போடுவீர்கள் என்று கேட்டேன்.

வால்வைத் திருகிக்கொண்டே சொன்னார்: "எனக்கு ரெண்டு பொண்ணு படிக்குது. நானா இருந்தா ஆமாம்னு போட்டுட்டு வூட்டுக்குப் போய்க்கினே இருப்பேன். நீ போட மாட்ட. போடறவ இங்க வந்து கேப்பாளா?"

முதலில் நீ

இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கீழே விளக்கம்: 'பொருந்தவில்லை. எங்கள் ஆலையின் ஒரு குட்டையில் மூடி நன்றாக வேலை செய்கிறது. நாங்கள் உறுப்பினராக உள்ள சங்கம், மூடி நிற்காது என்று அரசுக்கு மனு கொடுத்துள்ளது. மனுவின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.' ஆமாம், இணைப்பு. பழக்கம் விடவில்லை.

அவருக்குத் தெரியாமல் பெங்களூருக்கு அனுப்ப எனக்குத் துணிச்சலும் இல்லை, மனமும் இல்லை. அவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். நான் அந்தப் பழுப்பு உறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எடுத்து இழுப்பறையில் போட்டார். பூட்டவில்லை என்பதைக் கவனித்தேன்.

பிறகு சென்னை ஆலோசகருக்கு போன் போட்டார். அரை மணி நேரம் பேசினார். நான் கேட்ட வரையில், கருத்துக் கேட்பில் வந்த மனுக்களையெல்லாம் இணைப்புகளோடு அரசு வலைத்தளத்தில் போட்டுவிட்டார்களாம். பெங்களூர்க்காரர்கள் நினைத்தால் நாளைக்கே அந்தப் படத்தைப் பார்க்கலாம். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தாளை என் பக்கம் தள்ளினார்: "உண்மையச் சொல்றதத் தவிர வேற வழி இல்லாமப் பண்ணிட்ட. மொதல்ல நீ கையெழுத்து போடு, அப்புறம் நான் போடறேன்."

தனக்குத்தானே ஒரு கடிதம்

ஆலோசகர் சொன்னதுபோலவே இன்னும் பத்து கேள்வி வந்தது. அதில் ஒன்று: 'சங்கத்தின் நிலைப்பாட்டோடு உடன்படவில்லை என்பதை உங்கள் நிறுவனம் சங்கத்துக்கு எழுத்தில் தெரிவித்ததா? நகல் அனுப்பவும்.' எம்.டி. ஐயா ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். அனுப்புநர்: நிர்வாக இயக்குநர். பெறுநர்: செயலாளர், ஆலை அதிபர்கள் சங்கம். இரண்டும் அவர்தான். மூன்றாவது காரணம் எங்கள் அனுபவத்துக்கு மாறானது, நீக்க வேண்டும் என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமலே அடுத்த இழுப்பறையைத் திறந்து சங்கத்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, 'பெறப்பட்டது' என்று தன் கடிதத்தின் மேலேயே குத்தினார். "இதுக்குச் சங்கத்துலேர்ந்து ஒரு பதில் அடி" என்றார். 'தங்கள் கடிதம் கிடைத்தது. மூன்றாம் காரணம் நீக்கப்படும். மற்றவை செயற்குழுவில் பரிசீலிக்கப்படும்.' அதற்கும் அவரே கையெழுத்து. அன்று வெள்ளிக்கிழமை. இரண்டுக்கும் மஞ்சள் தடவிக் கற்பூரம் காட்டினோம்.

மூன்றாம் காரணம் மனுவிலிருந்து உண்மையாகவே போய்விட்டது. மற்ற நான்கும் அப்படியே இருக்கின்றன. அவகாசம் வேண்டும் என்பதும் இருக்கிறது. பழுப்பு உறையும் கைக்கு வந்தது. உள்ளே இருந்தது வேறு தாள். என் தகுதிகாண் பருவம் நீட்டிக்கப்பட்டிருந்தது. வீட்டில் எப்படிச் சொல்வது என்று கலங்கிக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் உண்மையான அன்போடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்: "நீ நேர்மையான பொண்ணும்மா, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. இருந்தாலும் இன்னும் ஆறு மாசம் பார்த்துடலாம்."

கம்பெனி சங்கத்துக்கு எழுதிய கடிதமும் சங்கம் கம்பெனிக்கு எழுதிய பதிலும் இப்போது என் மேசையில் ஒரே கோப்பில் இருக்க, இரண்டையும் அடித்த நான் நிரந்தரமாகாமலும், இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர் இரண்டு பதவியிலும் நிரந்தரமாகவும் இருக்கிறோம்; மூடாத இரண்டு குட்டைகள் யாருக்கும் ஒரு மனுவும் போடாமல் குமிழி விட்டுக்கொண்டே இருக்கின்றன.